வெளிநாட்டில் வேலை: பிள்ளைக்கு எந்தப் பள்ளி? தமிழுக்கு என்ன வழி?

நிறுவனம் லண்டனுக்கு அனுப்புகிறது. 3 ஆண்டு வேலை. வீடு, விமானச் சீட்டு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டில் தொடக்கநிலை 3இல் படிக்கும் மகள் இருந்தால் அன்று இரவே பேச்சு ஆரம்பித்துவிடும்.

"அங்க எந்த ஸ்கூல்ல சேர்க்கிறது? திரும்பி வந்தா இங்க சமாளிப்பாளா?"

இன்னொரு கேள்வி பெரும்பாலும் கடைசியில்தான் வரும். சில வீடுகளில் வருவதே இல்லை.

"சரி, தமிழுக்கு என்ன பண்றது?"

வெளிநாட்டுக்குச் செல்லும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு என்னென்ன பள்ளிகள் உண்டு? ஒவ்வொன்றிலும் தமிழின் நிலை என்ன? திரும்பி வரும்போது என்ன நடக்கும்? பார்க்கலாம்.

தமிழ் மட்டும் ஏன் தனிப் பிரச்சினை?

கணிதம் எங்கே போனாலும் கணிதம்தான். அறிவியலும் அப்படியே. ஆங்கிலத்தில் நடக்கும் பள்ளியில் சேர்ந்தால் ஆங்கிலத்துக்கும் குறை இல்லை. பாடத்திட்டம் மாறினாலும் சில மாதங்களில் பிள்ளைகள் ஈடுகட்டிவிடுவார்கள்.

தமிழ் அப்படி இல்லை. சிங்கப்பூரில் தமிழை வீடு தாங்குவதைவிடப் பள்ளி அதிகமாகத் தாங்குகிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். தமிழ் 2.5 விழுக்காடு.

வீட்டில் அப்பா அம்மா ஆங்கிலத்தில் பேசினாலும், பள்ளிக்குப் போனால் தமிழாசிரியர் இருக்கிறார். பாடநூல் இருக்கிறது. கட்டுரை எழுதியாக வேண்டும். 1966இல் உயர்நிலைப்பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமானதிலிருந்து பல தலைமுறைகள் இப்படித்தான் தமிழ் படித்து வந்துள்ளன.

வெளிநாட்டுக்குப் போகும்போது குடும்பம் விட்டுச் செல்வது இந்தத் தாங்குதலைத்தான். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே தமிழுக்கும் வழி பார்க்கவேண்டிய காரணம் இதுதான். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

முதல் கேள்வி: எத்தனை ஆண்டு?

எந்தப் பள்ளி என்று கேட்பதற்கு முன் இரண்டு விஷயங்களை முடிவு செய்யவேண்டும். எத்தனை ஆண்டு இருக்கப்போகிறோம்? பிள்ளை எந்த வகுப்பில் திரும்பும்?

கனடாவைச் சேர்ந்த கல்வி ஆய்வாளர் ஜிம் கமின்ஸ் 1979இல் ஒரு முக்கியமான வேறுபாட்டை எடுத்துச் சொன்னார். விளையாட்டுத் திடலில் நண்பர்களுடன் பேசும் மொழி வேறு. பாடம் படித்து, சிந்தித்து, எழுதும் மொழி வேறு. புது மொழியில் முதலாவது கைவர ஏறக்குறைய 2 ஆண்டு போதும். இரண்டாவதற்கு 5 முதல் 7 ஆண்டு வரை ஆகலாம்.

இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

- 2 ஆண்டு வரை: ஜெர்மன் மொழியிலோ ஜப்பானிய மொழியிலோ நடக்கும் உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்தால், பிள்ளை பேசக் கற்றுக்கொள்ளும் நேரத்தில் ஊர் திரும்பவேண்டி வரும். அதுவும் நல்ல அனுபவம்தான். ஆனால் மற்ற பாடங்களில் பின்தங்கும் அபாயம் உண்டு.
- 3 முதல் 5 ஆண்டு: எல்லா வழிகளையும் பார்க்கலாம். தமிழுக்கு ஆபத்து அதிகம் உள்ள காலமும் இதுதான். திரும்பி வருவது உறுதி. ஆனால் இடைவெளி பெரியது.
- எப்போது திரும்புவோம் என்றே தெரியாது: அங்குள்ள உள்ளூர்ப் பள்ளியும், வார இறுதித் தமிழ் வகுப்பும் சேர்ந்த வாழ்க்கைக்குத் திட்டமிடுவது நல்லது.

வயதையும் பாருங்கள். ஒரு மொழிச் சூழலைவிட்டு 9, 10 வயதுக்கு முன் விலகும் பிள்ளைகள் அதை வேகமாக மறக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிறகு விலகும் பிள்ளைகளிடம் அது கூடுதல் காலம் தங்குகிறது. தொடக்கநிலை 1இல் கிளம்பும் தம்பிக்கும் உயர்நிலை 1இல் கிளம்பும் அக்காவுக்கும் ஒரே திட்டம் சரிப்படாது.

வழி 1: அனைத்துலகப் பள்ளி

சிங்கப்பூர்க் குடும்பங்கள் பலவும் முதலில் பார்ப்பது இதைத்தான். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாறினாலும் அதே பாடத்திட்டத்தைத் தொடரலாம். மூன்று வகைகளை அதிகம் காணலாம்.

ஐபி: 1968இல் ஜெனீவாவில் தொடங்கியது. தொடக்கநிலை முதல் பல்கலைக்கழகத்துக்கு முந்திய பட்டயம் வரை உண்டு. பட்டயப் படிப்பில் இரண்டு மொழிகளை இலக்கிய நிலையில் படித்துத் தேறுவோருக்கு இருமொழிப் பட்டயம் கிடைக்கும். பள்ளியில் ஆசிரியர் இல்லாத தாய்மொழியின் இலக்கியத்தைப் பள்ளியின் மேற்பார்வையில் மாணவர் தாமே படிக்கும் ஏற்பாடும் ஐபியில் இருக்கிறது. "தமிழுக்கு இதைச் செய்து தருவீர்களா?" என்று பள்ளியின் ஐபி ஒருங்கிணைப்பாளரிடம் நேராகக் கேளுங்கள். கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

கேம்பிரிட்ஜ்: ஐஜிசிஎஸ்இ தேர்வை நோக்கிச் செல்லும் பாடத்திட்டம். சிங்கப்பூரின் சாதாரண நிலைத் தேர்வும் கேம்பிரிட்ஜுடன் இணைந்து நடத்தப்படுவதால், உயர்நிலை வயதில் மாறும் பிள்ளைக்கு அவ்வளவு அந்நியமாக இருக்காது.

சிபிஎஸ்இ: இந்தியாவின் மத்தியப் பாடத்திட்டம். வளைகுடா நாடுகளில் இதை நடத்தும் பள்ளிகள் ஏராளம். இதில் தமிழ் முறையான தேர்வுப் பாடம். ஆனால் எல்லாப் பள்ளிகளிலும் தமிழாசிரியர் இருப்பார் என்று சொல்லமுடியாது. இந்தியை மட்டும் வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு.

"சிங்கப்பூர் ஸ்கூல்னு பேரு போட்டிருக்கே, அங்க போடலாமே?" என்று சிலர் கேட்பதுண்டு. ஹாங்காங்கில் உள்ள சிங்கப்பூர் அனைத்துலகப் பள்ளி 1991இல் தொடங்கப்பட்டது. அங்கே ஆங்கிலத்துடன் சேர்த்துக் கற்பிக்கப்படுவது மாண்டரின். வேறு நாடுகளில் சிங்கப்பூர்ப் பாடத்திட்டம் என்று விளம்பரம் செய்யும் தனியார் பள்ளிகளும் இருக்கின்றன. கணிதமும் அறிவியலும் சிங்கப்பூர்ப் பாணியில் இருக்கலாம். அதை வைத்து அங்கே தாய்மொழியாகத் தமிழும் இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது.

கட்டணத்தையும் கவனியுங்கள். நிறுவனம் பள்ளிச் செலவை ஏற்கிறது என்றால் எதையெல்லாம் ஏற்கிறது? விண்ணப்பக் கட்டணம், பேருந்து, சீருடை, கட்டட நிதி இவையெல்லாம் தனித்தனியாக வரும். வேலை இடையில் போனால் கட்டணத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வழி 2: அந்த ஊர்ப் பள்ளி

பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் பலர் தேர்ந்தெடுப்பது உள்ளூர் அரசாங்கப் பள்ளியை. ஆங்கிலம்தான் என்பதால் மொழிச் சிக்கல் இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுடன் பழகலாம். செலவும் பொதுவாகக் குறைவு. விசா வகையைப் பொறுத்துக் கட்டணம் மாறலாம் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளி நாள்காட்டி ஒரு சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அது சின்ன விஷயம் இல்லை. சிங்கப்பூரில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. பிரிட்டனில் செப்டம்பர். அங்கே ஜூலையில் ஆண்டை முடித்துவிட்டுத் திரும்பும் பிள்ளை இங்கே ஆண்டின் நடுவில் வந்து நிற்கும்.

வழி 3: இருமொழிப் பள்ளி

இங்கே ஒரு சொல் நம்மைக் குழப்பும். வெளிநாட்டுப் பள்ளி தன்னை இருமொழிப் பள்ளி என்று சொன்னால், அது அந்நாட்டு மொழியையும் ஆங்கிலத்தையும் அல்லது அங்கே செல்வாக்குள்ள வேறொரு மொழியையும் குறிக்கிறது. பெர்லின் நகரில் 1992 முதல் அரசாங்கமே ஐரோப்பா பள்ளிகள் என்ற பெயரில் இருமொழிப் பள்ளிகளை நடத்துகிறது. ஜெர்மனுடன் ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், துருக்கி என்று ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மொழி. பாதிப் பாடம் ஒரு மொழியில், மீதி மற்றொன்றில். அருமையான முறை.

ஆனால் சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளை ஏற்கெனவே இருமொழிப் பிள்ளை. அங்கே சேரும்போது அதற்கு ஜெர்மன் மூன்றாவது மொழி. தமிழ் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. பள்ளியைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளை ஆங்கிலம் பேசும் பிள்ளை, அவ்வளவுதான்.

ஆகவே இருமொழிப் பள்ளியைப் பார்க்கப் போனால் இவற்றைக் கேளுங்கள்: எந்த இரண்டு மொழிகள்? வாரத்தில் எத்தனை மணி நேரம் எந்த மொழியில்? மொழியே தெரியாமல் வரும் பிள்ளைக்கு என்ன உதவி? வீட்டில் மூன்றாவது மொழி பேசும் பிள்ளைகள் இதற்கு முன் இங்கே படித்திருக்கிறார்களா?

எங்கே போனால் தமிழ் கிடைக்கும்?

நாட்டுக்கு நாடு பெரிய வேறுபாடு இருக்கிறது.

மலேசியா: 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அரசாங்கக் கல்வி அமைப்புக்குள் இயங்குகின்றன. தொடக்கநிலையில் பாடமே தமிழில். வெளிநாட்டுப் பிள்ளைகள் சேர அனுமதி பெறவேண்டும்.

தமிழ்நாடு: மாநிலப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கும் சட்டம் 2006இல் வந்தது. அங்குள்ள பாடநூலின் தரம் சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு முதலில் கடினமாக இருக்கும். சென்னையிலேயே அனைத்துலகப் பள்ளியில் சேர்த்தால் கதை வேறு. தமிழ்நாட்டின் நடுவில் இருந்துகொண்டே தமிழைத் தொடாமல் பிள்ளை வளரமுடியும்!

ஆஸ்திரேலியா: தமிழுக்கு இங்கே நல்ல இடம். மெல்பர்ன் நகரம் உள்ள விக்டோரியா மாநிலத்தில் அரசாங்கத்தின் விக்டோரியா மொழிப் பள்ளி, வழக்கமான பள்ளியில் கிடைக்காத மொழிகளைச் சனிக்கிழமைகளில் கற்பிக்கிறது. தமிழும் அவற்றில் ஒன்று. விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் 12ஆம் வகுப்பில் தமிழைத் தேர்வுப் பாடமாக எடுக்கலாம். அந்த மதிப்பெண் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கும் சேரும். பதின்ம வயதுப் பிள்ளையிடம் "தமிழ் எதுக்கு?" என்ற கேள்வி வரும்போது இதைவிட நல்ல பதில் கிடையாது.

ஐக்கிய அரபுச் சிற்றரசுகள்: தனியார் பள்ளிகளிலும் அரபு மொழி படிக்கவேண்டும். ஆங்கிலம், அரபு ஆகியவற்றுக்குப் பிறகு தமிழுக்கு நேரம் ஒதுக்கக்கூடிய பள்ளி எது என்று தேடவேண்டும்.

பிரிட்டன், அமெரிக்கா, கனடா: தன்னார்வலர்கள் நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளே முதுகெலும்பு. தரம் இடத்துக்கு இடம் மாறும். அங்கே பிள்ளை படிக்கும் பாடநூல் சிங்கப்பூர்ப் பாடநூலாக இருக்காது. ஆனால் தமிழ் பேசும் நண்பர்கள் கிடைப்பார்கள். எந்தப் பாடநூலும் அதைத் தரமுடியாது.

திரும்பி வரும்போது என்ன நடக்கும்?

கிளம்பும் முன்பே தெரிந்திருக்கவேண்டியவை:

- பள்ளியில் இடம்: பெற்றோருடன் வெளிநாடு செல்லும் மாணவருக்கு, பள்ளியில் இடத்தைத் தக்கவைக்கும் விடுப்புத் திட்டம் உண்டு. கட்டணம் செலுத்தவேண்டும். பள்ளியிடம் கேளுங்கள்.
- தொடக்கநிலை 1 வயது: வெளிநாட்டில் இருக்கும்போது பிள்ளை பள்ளிப் பதிவு வயதை எட்டினால் கல்வி அமைச்சுக்குத் தெரியப்படுத்துங்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 2003இல் நடப்புக்கு வந்தது.
- திரும்புவோருக்கான சேர்க்கை: வெளிநாட்டில் படித்துத் திரும்பும் சிங்கப்பூரர்களைப் பள்ளிகளில் சேர்க்கக் கல்வி அமைச்சு ஸ்பெர்ஸ் எனும் தனி ஏற்பாட்டை நடத்துகிறது. உயர்நிலைப்பள்ளிக்குத் திரும்பும் பிள்ளை தேர்வு எழுதவேண்டும்.
- அனைத்துலகப் பள்ளியில் தொடரமுடியுமா: "அங்க ஐபி படிச்சான், இங்கயும் இன்டர்நேஷனல் ஸ்கூல்ல போட்டுடலாம்" என்று நினைப்போர் உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்கள் இங்குள்ள வெளிநாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளில் சேர அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அது தானாகக் கிடைப்பதில்லை. எஸ்ஜேஐ, ஏசிஎஸ், ஹுவா சோங் ஆகிய பெயர்களில் இயங்கும் மூன்று அனைத்துலகப் பள்ளிகள் உயர்நிலை வகுப்புகளில் சிங்கப்பூரர்களைச் சேர்க்கின்றன. கட்டணம் அரசாங்கப் பள்ளியைவிடப் பல மடங்கு.
- ஆண் பிள்ளைகள்: 13 வயதிலிருந்து நீண்ட காலம் வெளிநாட்டில் தங்க, தேசிய சேவைக்கான வெளியேறும் அனுமதி தேவைப்படும்.

தாய்மொழி விலக்கு: லாபமா, நட்டமா?

நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்து திரும்பும் பிள்ளைக்குத் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் போன்ற ஒரு மொழியைத் தாய்மொழிக்குப் பதிலாகப் படிக்கவும் விண்ணப்பிக்கலாம்.

4 ஆண்டு தமிழைத் தொடாத பிள்ளைக்கு இது நியாயமான உதவிதான். சிலருக்கு வேறு வழியே இருக்காது. ஆனால் விலக்கு இலவசம் இல்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலைப் புள்ளி. 1 சிறந்தது. நான்கு பாடங்களின் கூட்டுத்தொகைதான் உயர்நிலைப்பள்ளிச் சேர்க்கையைத் தீர்மானிக்கிறது. விலக்குப் பெற்ற பிள்ளைக்குத் தாய்மொழியில் ஒரு புள்ளி ஒதுக்கப்படும். ஆங்கிலம், கணிதம், அறிவியலில் அதே மாதிரி தேறிய மற்ற மாணவர்களின் தாய்மொழிப் புள்ளியை ஒட்டி அது கணக்கிடப்படும். ஆனால் அது 6 முதல் 8 வரைதான் இருக்கும்.

ஒரு பிள்ளை மற்ற மூன்று பாடங்களில் தலா 2 புள்ளி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழில் 3 கிடைத்தால் மொத்தம் 9. விலக்குப் பெற்றால் மிக நல்ல நிலையிலும் 12. விரும்பிய பள்ளி கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இந்த 3 புள்ளியில் இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. அடிப்படைத் தமிழ் எடுக்கும் மாணவரின் மதிப்பும் சேர்க்கைக்காக 6 முதல் 8 வரை உள்ள புள்ளியாகவே மாற்றப்படுகிறது. அதாவது, விலக்குப் பெற்றாலும் அடிப்படைத் தமிழ் எடுத்தாலும் புள்ளி வரம்பு ஒன்றே. ஆனால் அடிப்படைத் தமிழ் எடுத்த பிள்ளை தமிழ் வகுப்பில் இருக்கிறது. பேசக் கற்கிறது, படிக்கக் கற்கிறது. விலக்குப் பெற்ற பிள்ளையின் கால அட்டவணையில் தமிழ் இல்லை. நடுவில் விட்டதை உயர்நிலையில் எடுத்துப் படிப்பது பெரும்பாடு.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் பள்ளியிடம் கேளுங்கள்: "விலக்கு தவிர வேறு என்ன வழி? அடிப்படைத் தமிழ் எடுக்கலாமா? பிடிக்க எவ்வளவு காலம் கொடுப்பீர்கள்?"

தூரத்திலிருந்து தமிழைக் காப்பது எப்படி?

பெரிய திட்டம் வேண்டாம். விடாமல் செய்யக்கூடியது போதும்.

- பாடநூலை எடுத்துச் செல்லுங்கள். அடுத்த இரண்டு வகுப்புகளுக்கான சிங்கப்பூர்த் தமிழ்ப் பாடநூல், பயிற்சி நூல் இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது எந்த அளவில் இருக்கவேண்டும் என்று அவை காட்டும்.
- எழுத்தை விடாதீர்கள். பேச்சு போனாலும் மீட்கலாம். எழுத்துகளை மறந்த 10 வயதுப் பிள்ளை அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டும். தினமும் ஒரு பக்கம் வாய்விட்டுப் படித்தால் போதும்.
- மின்னூல் இரவல் வாங்குங்கள். தேசிய நூலக வாரியத்தின் உறுப்பினர்கள் தமிழ் மின்னூல்களையும் இரவல் பெறலாம்.
- இணையத் துணைப்பாடம் பாருங்கள். சிங்கப்பூர்ப் பாடத்திட்டம் தெரிந்த ஆசிரியர் கிடைத்தால் நல்லது. நேர வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளுங்கள்.
- பாட்டி தாத்தாவிடம் ஒரு வேலை கொடுங்கள். "சாப்பிட்டியா? ஸ்கூல் எப்படி இருக்கு?" என்பதோடு அழைப்பு முடிந்துவிட்டால் மொழி வளராது. வாரம் ஒரு கதை, சமையல் குறிப்பு, சின்ன வயதுச் சம்பவம் என்று பேச ஒரு விஷயம் இருக்கட்டும். பிள்ளை அதைக் கேட்டு நான்கு வரி எழுதட்டும்.
- திரும்பும் தேதியை யோசித்து முடிவு செய்யுங்கள். தொடக்கநிலை 6இல் வந்து இறங்குவது பிள்ளைக்குப் பெரும் சுமை. தொடக்கநிலை 4 முடிவதற்குள் திரும்பினால், தமிழை மீண்டும் பிடிக்க இரண்டு ஆண்டு கிடைக்கும்.

கடைசியாக

நல்ல அனைத்துலகப் பள்ளி எந்தப் பெருநகரத்திலும் கிடைக்கும். பணம் இருந்தால் இடமும் கிடைக்கும். தமிழை அப்படி வாங்கமுடியாது. அதற்கு வாரத்தில் சில மணி நேரம், கொஞ்சம் பிடிவாதம், பேச ஆள் மூன்றும் வேண்டும்.

நாளை உங்களுக்கே வெளிநாட்டு வேலை வரலாம். அண்ணன் குடும்பமோ அக்கா குடும்பமோ கிளம்பலாம். பள்ளிப் பட்டியலை எடுத்து உட்காரும்போது, கட்டணம், தூரம், தேர்வு முடிவு என்ற வரிசையில் இன்னொரு கட்டமும் போடுங்கள்: "தமிழ் எங்கே, யாரிடம், வாரம் எத்தனை மணி?" அந்தக் கட்டம் காலியாக இருந்தால் விமானம் ஏறும் முன் நிரப்பிவிடுங்கள்.